ஒன்பது குழாய் தூரம்

பந்தியின் கடைசி இலையிலிருந்து நெய் ஊற்றிக்கொண்டு வருகிறார் திம்மப்ப ஹெக்டே. தலை இலையில் உட்கார்ந்திருக்கும் புரோகிதர் ஒப்பட்டுப் போளியைப் பிய்த்து வைத்துக்கொண்டு நெய்ச் செம்பு வரும் திசையையே பார்க்கிறார். நெய் முதலில் அவருக்குத்தான் வரவேண்டும். எங்கள் பக்கத்தில் எத்தனையோ தலைமுறையாக அப்படித்தான். மூன்று வருஷமாக அப்படி இல்லை.

"என்ன பாவா, இன்னிக்கும் வாலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வர்றீங்களா? நாங்கல்லாம் வெறும் ஒப்பட்டைத் தின்னு விக்கணுமா?" என்று நடுப் பந்தியிலிருந்து கஜானன பட் குரல் கொடுக்கிறார்.

"விக்கினா தண்ணி குடி. நெய் வரும்."

"புரோகிதர் சாபம் விட்டுடப் போறாரு."

"விடட்டும். ரெண்டு கரண்டியா ஊத்தினா திருப்பி வாங்கிப்பாரு," என்கிறார் திம்மப்பா, குனிந்த தலை நிமிராமல்.

ஊரில் பாதிப் பேருக்கு அவர் பாவா, அக்கா புருஷன் முறை. எனக்கும் மீதிப் பேருக்கும் திம்மண்ணா. ஐம்பத்தெட்டு வயது, ஒல்லி, முழங்கால் வரை ஏற்றிக் கட்டிய வேட்டி, தோளில் சிவப்புக் கரை போட்ட துண்டு. அந்தத் துண்டு செய்யாத வேலை இல்லை. சூடான தவலையை இறக்கும், மழைக்குத் தலைக்கு ஏறும், கோயிலில் இடுப்புக்கு இறங்கும், யாராவது அழுதால் அவர்களிடம் நீட்டப்படும். துவைத்துக் காய்ந்திருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

பரிமாறுவதற்கு முன்னால் அவர் செய்யும் ஒரு காரியத்தைப் பார்க்க வேண்டும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பந்தியின் முழு நீளமும் ஒரு நடை நடப்பார். இலைகளை எண்ணுகிறார் என்று வெளியே தெரியாது. திரும்பி வந்து தவலைக்குள் ஒரு பார்வை. அப்புறம் கரண்டி கரண்டியாக எடுத்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அந்தக் கரண்டியால் எடுத்தால் பாயசம் முதல் இலைக்கும் நூற்றிருபதாவது இலைக்கும் ஒரே அளவில் விழும்; தவலை காலியாகும்போது பந்தியும் முடிந்திருக்கும். திம்மண்ணா பரிமாறிய பந்தியில் கடைசி ஆளுக்கு அடிப்பாகத்தை வழித்துப் போட்டார்கள் என்று இதுவரை ஒரு பேச்சு வந்ததில்லை.

இதனால்தான் அண்ணன் தம்பி தோட்டம் பிரிப்பதென்றாலும், ஓடைத் தண்ணீரை யார் எந்த நாழிகைக்குத் திருப்புவது என்றாலும் அவரைக் கூப்பிடுவார்கள். வாய்ப்பேச்சில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. தோட்டத்துக்கு மருந்தடிக்கும் ரப்பர் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். ஒரு குழாய் நூறு மீட்டர். "அளந்துட்டா பேச்சே இல்லே" என்பார். அது அவர் வாயோடு ஒட்டிப் பிறந்த வாக்கியம் என்று நினைத்திருந்தோம்.

எங்கள் ஹொன்னேகொட்லுவில் பதினைந்து வீடு. பள்ளத்தாக்கின் நீளத்துக்குச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு வீட்டில் நின்று அடுத்த வீட்டைக் கூப்பிட்டால் கேட்காது. நடுவில் இருக்கும் பாக்கு மரங்கள் குரலை விழுங்கிவிடும். கைபேசிக்கு ஒரு கோடு சிக்னல் வேண்டுமென்றால் ஆனைப்பாறைக்கு ஏற வேண்டும். கல்யாணம் பேசுவதும் துக்கம் சொல்வதும் அந்தப் பாறை மேல் நின்றுதான். ஊரடங்கு வருஷத்தில் பெங்களூரிலிருந்த பிள்ளைகள் எல்லாம் மடிக்கணினியோடு வீடு திரும்பியபோது பாறையில் உட்கார இடம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் டவுனில் இருக்கும் கேபிள்காரர் ஒரு வார்த்தை சொன்னார். தார் ரோடு வரைக்கும் நெட் லைன் கொண்டுவந்து கொடுக்கிறேன், அங்கிருந்து உள்ளே இழுப்பது உங்கள் செலவு என்று. ரோட்டிலிருந்து முதல் வீடு வரைக்கும் காடு. அது எல்லோருக்கும் பொது, வீட்டுக்கு ஓர் ஆள் நான்கு நாள் உழைப்பு, கம்பிக்குச் சமப் பங்கு என்று பத்து நிமிஷத்தில் முடிவாயிற்று. முடிவானதும் சொன்னபடி எல்லோரும் வந்தார்கள். பதினைந்தாவது வீட்டிலிருந்து யமுனக்கா கடப்பாரையோடு வந்தார்.

யமுனக்காவுக்கு அப்போது அறுபத்து மூன்று. கணவர் போய் எட்டு வருஷம். ஓடைக்கு அந்தப் பக்கம், மேட்டு மேல் தனி வீடு, அரை ஏக்கர் தோட்டம். ஒரே மகள் மைத்ரி. பெங்களூரில் அவளுக்கு வேலை கிடைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ஊரடங்கு வந்து அம்மாவிடம் வந்துவிட்டாள். அக்கா நான்கு நாளும் குழி வெட்டினார். கம்பம் பற்றவில்லை என்றபோது, "என் தோட்டத்துல பட்டுப்போன மரம் நிக்குது, வெட்டிக்கோங்க" என்றார். இன்றைக்கும் காட்டில் அந்த லைனைத் தாங்கி நிற்கும் கம்பங்களில் பன்னிரண்டு அவர் தோட்டத்துப் பாக்கு மரம்தான்.

அடுத்தது, வீட்டுக்கு வீடு போகும் லைன். அதை எப்படிப் பங்கு போடுவது? சமமாகப் போடலாம் என்றார் ஒருவர். கோயில் வரி மாதிரித் தோட்டத்தின் அளவுக்குப் போடலாம் என்றார் இன்னொருவர். தோட்டம் பெரிசாக இருந்தவர்களுக்கெல்லாம் உடனே இருமல் வந்தது. கடைசியில், பந்தியில் பிசகாத கை, திம்மண்ணாவே சொல்லட்டும் என்று விட்டோம். அவர் மறுநாள் காலையில் குழாயை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கோயில் தேருக்கு அடித்து மிச்சமிருந்த சிவப்புப் பெயின்ட் டப்பா ஒரு கையில். ஒவ்வொரு குழாய் நீளம் முடியும் இடத்திலும் பக்கத்து மரத்தில் ஓர் எண் எழுதினார்.

தவறு அங்கேதான் நடந்தது. எங்களைப் போன்ற தோட்டக்காரர்களுக்குத்தான் அது தவறாகவே தெரியாது. மருந்தடிக்கும்போது அவரவர் தோட்டத்துக்கு அவரவர் குழாய். பக்கத்துக்காரர் வரப்பு வந்ததும் என் குழாய் நின்றுவிடும், அவருடையது ஆரம்பிக்கும். அதே பழக்கத்தில், எல்லோருக்கும் ஒன்றாகப் போகும் லைனையும் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எண்ணிக்கையை நிறுத்தி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார் திம்மண்ணா. கஜானனர் வீட்டு மரத்தில் ஒன்று. எங்கள் வீடு நாலாவது, ஒன்று, இரண்டு. மற்றவர்களுக்கும் அதே மாதிரி ஒன்று, இரண்டு. பதினாலாவது வீட்டைத் தாண்டியதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று போய், ஓடையைக் கடந்து மேடேறி, யமுனக்கா வாசல் பலாமரத்தில் ஒன்பது.

கஜானனர் வீட்டு முற்றத்தில் கூடினோம். அவரவர் வாசல் வரைக்குமான செலவு அவரவருடையது என்று திம்மண்ணா படித்தார். ஒன்பது குழாயும் ஓடை தாண்டும் இரும்புக் கயிறும் சேர்ந்து யமுனக்காவின் பங்கு மொத்தத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேலே வந்தது. அந்த வருஷம் விளைந்த பாக்கில் பாதியை விற்றால்தான் முடியும். கஜானனர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார், தடவினார், தடவிக்கொண்டே இருந்தார்.

"அக்கா, நான் யாருக்கும் கூட்டலே, குறைக்கலே. வேணும்னா இன்னொரு தடவை அளக்கட்டுமா?" என்றார் திம்மண்ணா.

"எதுக்குடா? நீ சரியாத்தான் அளந்திருப்பே. தூரம் என்னோடதுதானே," என்றார் யமுனக்கா.

"அளந்துட்டா பேச்சே இல்லே அக்கா."

"அதான் நானும் பேசலையே. என் வீட்டை விட்டுடுங்க. பதினாலு வீட்டுக்கு இழுங்க."

"அம்மா, நான் கடன் வாங்கிக் கட்டறேன்," என்று மைத்ரி பின்னாலிருந்து சொன்னாள்.

"படிச்ச கடனே இன்னும் தீரலை. வாயை மூடு," என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்தார். கம்பத்துக்குக் கொடுத்த மரத்தின் விலையைத் திருப்பித் தருவதாக யாரோ சொன்னார்கள். "பட்டுப்போன மரத்துக்கு விலையா?" என்று கேட்டுவிட்டுப் படி இறங்கினார்.

ஒன்பது குழாயையும் பதினைந்து வீட்டுக்குப் பிரித்திருந்தால் ஆளுக்குப் பத்துக் கிலோ பாக்குகூடக் கூடியிருக்காது. இந்தக் கணக்கை அன்றைக்கே மனசுக்குள் போட்டுப் பார்த்தவள் நான். எங்கள் பங்கு இரண்டே குழாய் என்றதில் ஒரு நிம்மதி இருந்தது. அதனால் வாயைத் திறக்கவில்லை. திம்மண்ணாவைப் பற்றி எழுதும்போது இதை மறைத்துவிட்டு எழுதினால் அது அயோக்கியத்தனம்.

மைத்ரி மழை தொடங்கிய பிறகும் பாறைக்குப் போனாள். மடியில் கணினி, தலைக்கு மேல் அப்பாவின் பழைய குடை. ஆடி மழை எங்கள் ஊரில் குடைக்கு அடங்காது. ஒரு நாள் கணினிக்குள் தண்ணீர் போய்விட்டது. அந்த வாரமே கிளம்பிப் போனாள். லைன் மட்டும் இருந்தால் வருஷத்தில் எட்டு மாதம் அம்மாவோடு இருந்து வேலை பார்க்கலாம் என்று மேலதிகாரியிடம் சம்மதம்கூட வாங்கி வைத்திருந்தாள். இது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அவள் போனபின் அக்கா ஒண்டியாக ஒன்றரை வருஷம் ஓட்டினார். ஒரு தடவை ஓடைக்கரையில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டு, பதினாலாவது வீடு வரைக்கும் தானே நடந்து வந்தார். அதற்கப்புறம் மைத்ரி விடவில்லை. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அக்கா பெங்களூருக்குக் கிளம்புவதாக முடிவாயிற்று.

வீட்டைப் பூட்டுவதற்கு முன்னால் சாமி காரியம் ஒன்று செய்து ஊருக்கே சாப்பாடு போட்டார். பரிமாற வேறு யார்? திம்மண்ணா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நடை நடந்து, கரண்டி பார்த்து, நெய்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு தலை இலைக்கு வந்து குனிந்தார். சமையற்கட்டு நிலைப்படியில் நின்றிருந்த யமுனக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னார்:

"திம்மா, இன்னிக்கு உன் அளவுப்படியே ஊத்துடா. தலை இலைக்காரன் பக்கத்துல இருக்கான், அவனுக்கு ஊத்து. கடைசி இலைக்காரன் ரொம்பத் தூரத்துல இருக்கான். நெய்யை அவன் வீட்டிலேருந்து கொண்டு வரட்டும்."

யாரோ சிரிக்கப் பார்த்து முடியாமல் இருமினார்கள். திம்மண்ணா குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். கரண்டி சாய்ந்து நெய் புரோகிதர் இலையில் வழிந்து தரையில் ஓடியது. நாற்பது வருஷத்தில் அவர் கையிலிருந்து சிந்திய முதல் நெய் அதுவாகத்தான் இருக்கும். அப்புறம் நிமிர்ந்தார். தலை இலையை விட்டுவிட்டுப் பந்தியின் மறுகோடிக்கு நடந்தார், எல்லோரும் பார்க்க. அங்கிருந்து ஊற்ற ஆரம்பித்தார். அன்றிலிருந்துதான் இந்தப் பழக்கம்.

"அளந்துட்டா பேச்சே இல்லே" என்பதை அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. தோட்டம் பிரிக்கக் கூப்பிட்டால், "வேற யாரையாவது பாருங்க, எனக்குக் கண்ணு சரியில்லே" என்று சொல்லிவிடுகிறார். கண்ணுக்கு ஒன்றுமில்லை, ஊசிக்கு நூல் கோக்கிறார். மரங்களில் எழுதிய எண்கள் மட்டும் அழியவில்லை. தேருக்கு அடிக்கும் பெயின்ட், எங்கள் மழைக்கே அசையாது. மேட்டு வழியில் போகும்போது அவர் மரங்கள் பக்கம் பார்க்காமல் பாதையையே பார்த்து நடப்பார். எனக்கே பாவமாக இருக்கும்.

போன கார்த்திகையில் வீடு வீடாக ஏறி இறங்க ஆரம்பித்தார். எங்கள் வீட்டுக்கு வந்து, கொடுத்த காபியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தங்கச்சி, யமுனக்கா வீட்டுக்கு லைன் இழுக்கணும். எல்லாரும் சமமாப் போட்டு."

"பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கா?"

"பூட்டினது யாரு?" என்றார். பிறகு, "நானும்தான். நான்தான் முதல்லே," என்று தானே சொல்லிக்கொண்டார்.

எல்லா வீட்டிலும் கிண்டல்தான். கஜானனர், "பாவா, அந்த வீட்டுல இப்ப வௌவாலுதான் குடியிருக்கு. அதுக்கு நெட் எதுக்கு, ராத்திரி முழுக்கப் படம் பார்க்கவா?" என்று கேட்டார். கேட்டவர் உள்ளே போய்த் தன் பங்கை எடுத்துவந்து முதல் ஆளாகக் கையில் வைத்தார். அன்றைக்கு முற்றத்தில் அவர் ஏன் அவ்வளவு நேரம் சுண்ணாம்பு தடவினார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. எல்லோர் நெஞ்சிலும் ஒரு முள் கிடந்திருக்கிறது. கேட்பதற்கு ஓர் ஆள் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். ஒரு வாரத்தில் பதினாலு வீட்டுப் பங்கும் வந்துவிட்டது. யமுனக்கா வீட்டுக்கான பதினைந்தாவது பங்கையும் திம்மண்ணா தானே போட்டார்.

போன வியாழக்கிழமை வேலை முடிந்தது. யமுனக்கா வீட்டுச் சாவி என்னிடம் இருப்பதால் நானும் கூடப் போனேன். முன்கூடத்துச் சுவரில் சின்ன வெள்ளைப் பெட்டி. பச்சை விளக்கு மினுக்கியது. திம்மண்ணா துண்டால் பெஞ்சைத் துடைத்தார், உட்காரவில்லை. லைன் வந்ததை யமுனக்காவிடம் முதலில் இந்த வீட்டிலிருந்தே சொல்ல வேண்டும் என்று அதுவரை யாரையும் சொல்ல விடாமல் வைத்திருந்தார். கைபேசியை என்னிடம் கொடுத்துப் படத்தோடு பேசுகிற மாதிரி போட்டுத் தரச் சொன்னார். அந்த மேட்டில் இன்றைக்கும் சிக்னல் கிடையாது. எந்த அழைப்பானாலும் அந்தப் பெட்டி வழியாகத்தான் போக வேண்டும்.

யமுனக்கா முகம் வந்தது. பின்னால் அடுக்குமாடி வீட்டின் இரும்புக் கம்பி ஜன்னல். இளைத்திருந்தார்.

"அக்கா, எங்கேருந்து பேசறேன் சொல்லுங்க பார்க்கலாம்!" திம்மண்ணாவின் குரல் சின்னப் பிள்ளை குரலாகிவிட்டது.

"பாறை மேலேருந்து கத்தறே. வேற எங்கே?"

"உங்க வீட்டுக் கூடம் அக்கா!" கைபேசியைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். சாமி அறைக் கதவு, பெஞ்சு, வாசலில் துளசி. "லைன் வந்துடுச்சு. எல்லாருமாச் சேர்ந்து போட்டாங்க, எல்லாருக்கும் சமம். மைத்ரியைக் கூட்டிக்கிட்டு வந்துடுங்க. அவ இங்க உட்கார்ந்தே வேலை பார்க்கலாம்."

அக்கா ஜன்னலை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"அவளுக்கு இப்ப வாரம் அஞ்சு நாளும் ஆபீசுக்குப் போகணும்டா. அந்த மாதிரி வீட்டிலேருந்து வேலையெல்லாம் நிறுத்திட்டாங்க. என்னாலயும் அங்க தனியா முடியாது."

"லீவுக்காவது வரலாமே அக்கா?"

"பார்க்கலாம்." கொஞ்ச நேரம் கூடத்தையே பார்த்தார் போலிருக்கிறது. "துளசிக்கு யாரு தண்ணி ஊத்தறா?"

"நான்தான்."

"அது என்னடா, சுவத்துல பச்சையா மினுக்குது?"

"அதான் அக்கா லைனு. இப்ப நாம பேசறதே அதுலதான்."

"அணைச்சிட்டுப் போடா. ஆளில்லாத வீட்டுல அது எதுக்கு எரியணும்? எனக்குப் பார்க்கவே என்னமோ பண்ணுது."

"சரி அக்கா," என்றார் திம்மண்ணா.

கை சுவிட்ச் வரைக்கும் போயிற்று. விரலை வைத்தார், அழுத்தவில்லை. தோளிலிருந்து துண்டை எடுத்து, இரண்டாக மடித்து, பெட்டியின் மேல் போட்டு விளக்கை மூடினார். கைபேசியை அந்தப் பக்கம் திருப்பிக் காட்டி, "பாருங்க அக்கா, அணைச்சிட்டேன்," என்றார்.

படம் அறுந்து போகவில்லை. யமுனக்கா அதிலேயே இருந்தார், துண்டையே பார்த்துக்கொண்டு. திம்மண்ணா ஒரு கையால் துண்டு நழுவாமல் பிடித்துக்கொண்டு, கைபேசி பிடித்த மற்றொரு கையைத் தாழ்த்தாமல் நின்றார்.